டீச்சரிடம் கேளுங்கள்: இந்த மாதம் பவளக்கடல்

போன இதழில் லட்சத்தீவைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மலை முழுவதிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஆகவே வீட்டுத் தோட்டத்துக் கேள்விகளும் குரங்குத் தொல்லைக் கேள்விகளும் அடுத்த மாதத்துக்கு. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: நான் பிறந்தது கீழக்கரை. வாப்பா சங்கு குளித்தவர். கட்டிக்கொண்டு வந்த ஊர் கோத்தகிரி. விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கடலைப் பற்றி நான் கொஞ்சம் அதிகாரமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: கொடைக்கானலில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறோம். சீசன் முடிந்து ஜூனில்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம். ஆள் கூட்டம் இல்லாத ஒரு தீவுக் கடற்கரையில் ஸ்நார்கெல் (வாயில் வைத்து மூச்சு விடும் குழாய்) போட்டு, மிதந்தபடி பவளப்பாறை பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஜூனில் லட்சத்தீவு போகலாமா?
— ஒரு கணவர், கொடைக்கானல்

ப: போகாதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று முழுவேகத்தில் அரபிக்கடலை அடிக்கிறது. கப்பல் குறையும், படகு இறங்காது, தண்ணீர் கலங்கிக் கிடக்கும். அங்கே சுற்றுலாவுக்கு உகந்த காலம் அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை. அதிலும் கடல் கண்ணாடியாகக் கிடப்பது பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. உங்களுக்கு நான் சொல்வது ஜனவரி கடைசி. பொங்கல் கூட்டம் இறங்கிவிடும், மலையில் உறைபனி, அறைகள் பாதி காலி. இங்கே நம் ஆட்கள் குல்லா போட்டு நடுங்கும்போது அங்கே கடல் வெதுவெதுப்பாக இருக்கும். மலைக்காரர்கள் சீசனை வைத்து விடுமுறையைக் கணக்குப் போடுகிறார்கள்; கடலுக்குப் போகிறவர் காற்றை வைத்துப் போட வேண்டும்.

லட்சத்தீவு 36 தீவுகள். மக்கள் வசிப்பது 10இல். எல்லாத் தீவையும் கூட்டினாலும் நிலம் சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். விமானம் இறங்குவது அகத்தியில். அங்கிருந்து படகில் பங்காரம், தின்னகரா. கூட்டமில்லாத கடற்கரை என்று உங்கள் மனைவி நினைப்பது இந்த இரண்டுக்கும் பொருந்தும். கடமத் தீவும் நல்லது. நீளமான ஒல்லித் தீவு, மேற்குப் பக்கம் அகலமான காயல். காயல் என்றால் இங்கே பவள வளையத்துக்குள் அடங்கிக் கிடக்கும் ஆழமில்லாத கடல். முதல் முறை ஸ்நார்கெல் போடுகிறவருக்கு அதைவிடப் பாதுகாப்பான நீர் நம் நாட்டில் அதிகம் கிடையாது.

வெளியாட்களுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். அதற்குக் காவல் துறைச் சான்று கேட்பார்கள், ஆகவே டிக்கெட்டுக்கு முன்னால் அந்த வேலையைத் தொடங்குங்கள். கொச்சிதான் வாசல். கொடைக்கானலிலிருந்து பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போய்ச் சேரலாம். விமானம் ஒன்றரை மணி நேரம் போல. கப்பல் என்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். கப்பலில் போகச் சொல்வேன். காலையில் மேல்தளத்தில் நின்று, கருநீலக் கடலுக்கு நடுவே திடீரென்று வெளிர்பச்சை வட்டம் ஒன்று தெரிவதைப் பார்க்காமல் அகத்தியில் நேரே போய் இறங்குவதில் என்ன இருக்கிறது?

கே: நம் தமிழ்நாட்டிலேயே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை இருக்கும்போது எதற்கு இவ்வளவு செலவு? உங்கள் ஊர்ப் பக்கம்தானே?
— ஒரு ஓட்டுநர், கூடலூர்

ப: என் ஊர்ப் பக்கம்தான், அதனால்தான் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. யாராவது ஒரு படகுக்காரர் ‘நான் கூட்டிப் போகிறேன் அண்ணே’ என்று கரையில் வந்து காதைக் கடித்தால் போகாதீர்கள். மாட்டினால் அபராதம் உங்களுக்கு, படகு போவது அவருக்கு.

இன்னொன்று, அது கரையோரக் கடல். ஆற்று வண்டல், அலை கிளறும் சேறு எல்லாம் உண்டு. நல்ல நாளில் அழகு, மற்ற நாளில் பாலில் முங்கிப் பார்ப்பதுதான். லட்சத்தீவு நடுக்கடலில் நிற்கிறது, ஆறே கிடையாது. தெளிவுக்குக் காரணம் அதுதான்.

இதற்காக மண்டபம் பக்கம் வரவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை மறுபடி ரயிலில் போகலாம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். பாம்பன் ஆட்கள் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அமைதியாக இருக்கும். வாடை அடிக்கும்போது நேர்மாறு. ஒரே நாளில் பாலத்தின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தால் புரியும். காசு செலவில்லாத பாடம்.

கே: டீச்சரம்மா, நான் கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி. நீச்சல் தெரியாது. கழுத்தளவுத் தண்ணீரையே பார்த்ததில்லை. மகன் அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நானும் ஸ்நார்கெல் செய்ய முடியுமா? வழிகாட்டியே கையைப் பிடித்து இழுத்துப் போவார் என்கிறார்கள்.
— வயது 52

ப: முடியும், ஆனால் அப்படியே இல்லை. உங்கள் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். நம் மலையில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தப்பு நம்முடையதல்ல, ஏரித் தண்ணீர் ஐஸ், ஆறு எல்லாம் பாறை.

ஸ்நார்கெல் என்பது நீச்சல் அல்ல. குப்புற மிதந்துகொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் மூச்சு விடுவது. லைஃப் ஜாக்கெட் போட்டால் உடம்பை அது தூக்கிக்கொள்ளும். உடம்புக்குப் பிரச்சினை கிடையாது, மனசுக்குத்தான். முகம் நனைந்ததும் மூளை ‘மூச்சை நிறுத்து’ என்கிறது. அப்போது ஆள் பதறிக் காலை ஊன்றி எழுந்து நிற்பார். எங்கே ஊன்றுவார்? பவளத்தின்மேல்.

அந்த ஒரு மிதியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பவளம் கல் அல்ல, உயிர். சின்னச் சின்னப் பூச்சி போன்ற உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல் நீரிலிருக்கும் சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய வீடு. உருண்டையான மூளைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். நீங்கள் ஏறி நிற்கிற பானை அளவு உருண்டைக்கு உங்கள் மகனைவிட வயது அதிகமாக இருக்கலாம். அதன் தோல் கிழிந்தால் பாசி ஏறும், நோய் பிடிக்கும். உங்களுக்கும் நல்லதல்ல, பவளம் கீறிய புண் லேசில் ஆறாது, சீழ் வைக்கும். அந்தப் பக்கம் கடல் முள்ளெலி குத்தினால் முள் உள்ளேயே ஒடியும்.

ஆகவே வீட்டிலேயே தொடங்குங்கள். ஒரு அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், முகத்தில் மாஸ்க், வாயில் குழாய். முகத்தை வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். பதற்றம் வராமல் பத்து நிமிஷம் இருக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கோவையில் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில், ஆள் துணையோடு, மார்பளவு நீரில் செய்யுங்கள். குப்புறப் படுக்க, மல்லாந்து திரும்ப, குழாய்க்குள் ஏறிய தண்ணீரை ‘ஃபூ’ என்று ஊதித் தள்ள. இந்த மூன்றும் வந்தால் போதும். தயவுசெய்து மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் பழகப் போகாதீர்கள். மேலே அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் எப்போது ஏறும் என்று ஆற்றுக்கே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அங்கே உயிர் போகிறது.

கையைப் பிடித்து இழுத்துப் போகிற வழிகாட்டிகள் வேலையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ரப்பர் வளையத்தில் ஆறு பேரைக் கோத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு அடுத்த ஆறு பேரைக் கூட்டிப் போவார்கள். அதற்குள் உங்களுக்கு மாஸ்க்கில் தண்ணீர் ஏறியதுதான் நினைவிருக்கும். கொஞ்சம் கூடக் காசு கொடுத்து, ஒருவருக்கு ஒரு வழிகாட்டி என்று பேசிக்கொள்ளுங்கள். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய; தமிழிலேயே பேசலாம், பயம் பாதி போகும்.

கே: கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் நிற்கிற பஸ்ஸே தெரியாது. மீசையும் உண்டு. மாஸ்க் பிடிக்குமா?
— குன்னூர்

ப: கிட்டப்பார்வைக்குப் பவர் போட்ட மாஸ்க் கிடைக்கிறது, வாடகைக் கடையில் இருக்காது, முன்கூட்டி வாங்க வேண்டும். பவர் குறைவென்றால் கவலை வேண்டாம், தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கிட்டேயும் தெரியும். (அதனால்தான் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் இவ்வளவு பெரிய மீன் என்று கையை அகட்டிக் காட்டுகிறார்கள்.) வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் மாஸ்க். மீசை இருந்தால் ஒட்டாது, நீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு வழித்தால் போதும். பனி படிந்தால் உள்கண்ணாடியில் எச்சிலைத் தடவி ஒருமுறை அலசுங்கள். அருவருப்பாக இருந்தாலும் அதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை.

முகம் முழுக்க மூடும் புதுவகை மாஸ்க் வேண்டாம் என்பது என் கட்சி. மட்டமான தயாரிப்புகளில் நாம் விட்ட மூச்சே உள்ளே தங்கித் திரும்ப நமக்குள் போகிறது. பதறினால் சட்டென்று கழற்றவும் வராது.

கே: தண்ணீருக்குள் இறங்கினால் காது வலிக்கும் என்கிறார்களே?
— ஒரு கல்லூரி மாணவி, ஊட்டி

ப: மேலே மிதந்தால் வலிக்காது. குனிந்து மூழ்கினால் வலிக்கும். ஆனால் உனக்கு இது புதிதல்ல அம்மா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். பஸ் பர்லியாறு தாண்டிக் கல்லாறு வருவதற்குள் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் ‘பட்’ என்று திறக்குமே, அந்த முழு இறக்கத்தில் ஏறுகிற காற்றழுத்தம் கடலில் வெறும் இரண்டு மீட்டர் மூழ்குவதற்குச் சமம். பஸ்ஸில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் நடப்பது அங்கே இரண்டு நொடியில் நடக்கிறது. ஆகவே வலி வரும் முன்பே, தலை உள்ளே போனதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊது. திறக்கவில்லையா, மேலே வந்துவிடு. முக்கி ஊதினால் செவிப்பறை கிழியும். ஜலதோஷத்தோடு மூழ்காதே. நம்மூர் ஜனவரியில் யாருக்குத்தான் ஜலதோஷம் இல்லை என்கிறாயா? அப்போது மிதந்துகொண்டே பார். பவளம் மேலிருந்தும் அழகுதான்.

இன்னொன்று. மூழ்கும் முன் வேகவேகமாகப் பத்து இருபது தடவை மூச்சு இழுத்து விட்டால் அதிக நேரம் தம் பிடிக்கலாம் என்று யாராவது பையன் சொல்லிக் கொடுப்பான். செய்யாதே. அப்படி ஊதும்போது உடம்பிலிருக்கும் கரியமில வாயு குறைகிறது. ‘மூச்சு வேண்டும்’ என்று மூளையைத் தட்டுவது அந்த வாயுதான். தட்ட ஆள் இல்லாமல் போனால் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரும், தண்ணீருக்குள்ளேயே. வாப்பா சங்கு குளிக்கும்போது படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு வேறு வேலையே கிடையாது. நீ மூழ்கும்போது மேலே ஒருத்தி உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கே: பாண்டிச்சேரியில் சனி, ஞாயிறு ஸ்கூபா டைவிங் போட்டுவிட்டு, ஞாயிறு மாலை காரை எடுத்தால் விடியற்காலையில் கொடைக்கானல். திங்கள் ஆபீஸ். சரியான திட்டம்தானே?
— மூன்று நண்பர்கள்

ப: சரியில்லை. இதை மலைக்காரர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதே இல்லை.

ஸ்நார்கெல் வேறு, ஸ்கூபா வேறு. முதுகில் சிலிண்டர் கட்டி அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மோசமானால் கை கால் விழும். இதனால்தான் டைவ் அடித்ததும் விமானம் ஏறாதே என்கிறார்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம். விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குரியது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நீங்கள் காரில் ஏறினாலும் உங்கள் உடம்புக்கு அது விமானம்தான். கடற்கரை மாஸ்டர்கள் ‘ஃப்ளைட் இருக்கா?’ என்று கேட்பார்கள், இல்லை என்பீர்கள், விட்டுவிடுவார்கள். ‘வீடு மலைமேலே’ என்று நீங்களாகச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு இரவு திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ தங்குங்கள். நேரம் முடிந்த பிறகு காட் ரோடு ஏறுங்கள். திங்கள் அரை நாள் லீவு போட்டால் ஆபீஸ் இடிந்துவிடாது. வெறும் ஸ்நார்கெல் போட்டு மேலே மிதந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நேரே வீட்டுக்குப் போகலாம்.

கே: எனக்கு வயது 67. ரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளோடு லட்சத்தீவுக் கப்பலில் போக ஆசை. செய்யலாமா?
— ஓய்வு பெற்ற தபால்காரர், கோத்தகிரி

ப: அண்ணா, கப்பலில் போங்கள், ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலான தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. பவள வளையத்துக்கு வெளியே நிற்கும். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள், என்றாலும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். டாக்டரிடம் ‘கடலில் குளிக்கலாமா’ என்று கேட்காதீர்கள், அவர் சரி என்பார். ‘குறுகலான குழாய் வழியாக மூச்சு இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் குப்புறக் கிடக்கலாமா’ என்று கேளுங்கள். ஹவாயில் ஸ்நார்கெல் மரணங்களை ஆராய்ந்தவர்கள், இருதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்கு அப்படி இழுத்து மூச்சு விடுவதாலேயே நுரையீரலில் நீர் கோக்கக் கூடும் என்று சந்தேகிக்கிறார்கள். தண்ணீருக்குள் மூச்சு வாங்கினால் அது வயசுக் களைப்பு என்று நினைக்க வேண்டாம், உடனே கையைத் தூக்குங்கள். கண்ணாடி அடிப் படகு இருக்கிறது. அதில் உட்கார்ந்து பேரனுக்கு மீன் காட்டினாலும் தாத்தா தாத்தாதான்.

கே: அக்கா, எந்த உடையில் இறங்குவது? நீச்சல் உடை போட எனக்குக் கூச்சம். சேலை கட்டியே இறங்கிக்கொள் என்கிறார் மாமியார்.
— பெயர் வேண்டாம், கூக்கல்தொரை

ப: மாமியார் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் சேலை காலைச் சுற்றும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். இரண்டும் கூடாது. முழுக்கை, முழுக்கால் லைக்ரா உடை விளையாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. தலைக்கும் சேர்த்தே கிடைக்கிறது, நான் போடுவது அதுதான். கூச்சத்துக்கும் நல்லது, வெயிலுக்கும் நல்லது, சொறி மீன் பட்டால் அதற்கும் நல்லது. மக்கள் வசிக்கும் லட்சத்தீவுத் தீவுகளில் அடக்கமான உடைதான் மரியாதை, ஆகவே நீங்கள் அங்கே வித்தியாசமாகத் தெரிய மாட்டீர்கள். வெதுவெதுப்பான கடல்தானே என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்காதீர்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நடுக்கம் தொடங்கினால் கரைக்கு வந்து சூடாக டீ குடியுங்கள்.

கே: சன்ஸ்கிரீன் பூசினால் பவளம் சாகும் என்கிறார்களே, உண்மையா?
— குன்னூர்

ப: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு ரசாயனங்கள் இருக்கும் கிரீம்களை ஹவாய் 2021 முதல் விற்கத் தடை செய்திருக்கிறது. பலாவ் நாடு அதற்கும் ஒரு வருஷம் முன்பே. டப்பாவின் பின்பக்கம் படித்து, துத்தநாக ஆக்ஸைடு மட்டும் இருப்பதை வாங்குங்கள். அதைவிட எளிது மேலே சொன்ன முழுக்கை உடை. கழுத்தின் பின்பக்கமும் முழங்காலின் பின்பக்கமும்தான் முதலில் வேகும், அங்கே மட்டும் பூசினால் போதும்.

கே: சுறா கடிக்குமா?
— கட்டபெட்டு

ப: காலையில் வாசலைத் திறந்தால் தேயிலைக்குள் காட்டெருமை, ராத்திரி கொல்லையில் கரடி. அந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! பவளத்திட்டில் நீங்கள் பார்க்கப் போவது கருந்துடுப்புச் சுறா, ஆள் நீளம்கூட இருக்காது, உங்களைப் பார்த்ததும் ஓடும். நீங்கள் பயப்பட வேண்டியது அசையாமல் கிடப்பவற்றுக்கு. கல் மீன், சிங்க மீன், அழகான கூம்புச் சங்கு, மணலில் புதைந்த திருக்கை. எதையும் தொடாமல் இருந்தால் எதுவும் செய்யாது. மீன் முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்து, மருத்துவரிடம் போங்கள். கூம்புச் சங்கு குத்தினால் வெந்நீரை நம்பி உட்காராதீர்கள், அது மூச்சையே நிறுத்தும், உடனே ஆஸ்பத்திரி.

அந்தமானில் மட்டும் ஒரு விதிவிலக்கு: உப்புநீர் முதலை. 2010இல் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் அலையாத்திக் காட்டுக் கழிமுகம் பக்கத்திலும் இறங்கவே இறங்காதீர்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கே: ஷோகேஸில் வைக்க ஒரு சின்னப் பவளத் துண்டு, கரையில் செத்துக் கிடப்பதுதான், எடுத்து வரலாமா?
— பந்தலூர்

ப: கூடாது. கடினப் பவளம் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்ததா உயிருள்ளதா என்று சட்டம் கேட்பதில்லை. விமான நிலையத்தில் பையைத் திறப்பார்கள்.

எங்கள் ஊரில் பழைய வீட்டுச் சுவர்களே பவளக்கல்தான். நான் பிறந்த வீடும் அப்படித்தான். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 தீவு என்று எழுதுகிறோமே, கண்ணுக்குத் தெரிவது 19. கரையில் செத்துக் கிடப்பதும் வீண் அல்ல. அது நொறுங்கித்தான் தீவுக்கு மணல். கிளிமீன் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். நீங்கள் படுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை மணல் பாதி அதன் வயிற்றிலிருந்து வந்தது.

கே: பள்ளியிலிருந்து 40 மாணவர்களைப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப் போகலாமா?
— ஒரு ஆசிரியர், கொடைக்கானல் மலைக் கிராமம்

ப: தண்ணீருக்குள் வேண்டாம். நாற்பது பேர், எண்பது கால். மண்டபத்துக்குக் கூட்டிப் போய் மீன்காட்சியகமும் பாலமும் காட்டுங்கள். நீச்சல் தெரிந்தவர்கள் வளர்ந்தபின் அவர்களே போகட்டும்.

கே: பவளம் எல்லாம் வெளுத்துச் செத்துவிட்டதாமே? இனிப் போய் என்ன பார்ப்பது?
— ஒரு வாசகி, ஊட்டி

ப: வெளுத்தது உண்மை. பவளத்தின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனுடையது, பவளத்துக்குச் சோற்றில் பெரும்பங்கும் அது போடுவது. கோடையின் வழக்கமான உச்சச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்பு தெரியும். உடனே சாவதில்லை; சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என்று பெரிய அடிகள். இடைவெளி போதாததுதான் கவலை, ஒரு அடியிலிருந்து எழுவதற்குப் பத்து வருஷமாவது வேண்டும்.

போய் என்ன பார்ப்பது என்று கேட்கிறீர்கள். உயிரோடிருப்பதையும் பாருங்கள், செத்ததையும் பாருங்கள். வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ‘எவ்வளவு அழகு’ என்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிர்ப் பழுப்பும் மங்கின பச்சையும்தான் ஆரோக்கிய நிறம், டி.வி.யில் காட்டும் கலர் அல்ல. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். அதனால் ஏமாற்றம் வேண்டாம், கண் பழகட்டும். ஒரே இடத்தில் அசையாமல் கால்மணி நேரம் மிதங்கள். ஓடி ஓடிப் பார்க்கிறவருக்கு மீன் வாலைக் காட்டும். சும்மா கிடக்கிறவரிடம் தானாக வரும்.

கே: மீனுக்கு ரொட்டி போடலாமா ஆன்ட்டி? யூடியூபில் போடுகிறார்கள்.
— ஐந்தாம் வகுப்பு, வெலிங்டன்

ப: கூடாது கண்ணு. ஊட்டி ரோட்டில் குரங்குக்குச் சிப்ஸ் போட்டு அது இப்போது எப்படி ஆகிவிட்டது என்று உனக்கே தெரியும்.

கே: நாங்கள் சைவம். லட்சத்தீவில் சாப்பாடு கிடைக்குமா?
— குன்னூர்த் தம்பதி

ப: சோறு, பருப்பு, தேங்காய் நிச்சயம். காய்கறி கப்பலில் வந்தால்தான், ஆகவே வந்த நாளில் கூட்டு, வராத நாளில் தேங்காய்ச் சம்மந்தி. சூரை மீன் வாசனை இல்லாத சமையலறை அங்கே அபூர்வம், முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பொடி வகையும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். அகத்திக்குப் போவது சின்ன விமானம், பை எடைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள்.